50 பேருக்கு 12 மம்பட்டி
(வாசகர் கேள்வி - பதில்)

போன இதழ்ல என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) கேம்ப், அதான் காலேஜ் பசங்க ஏழு நாள் ஒரு ஊர்ல தங்கி வேலை பாக்குறது, அதைப் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதுனேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கல. ஒருத்தர் போஸ்ட் கார்டுல எழுதியிருந்தார், மிச்சமெல்லாம் வாட்ஸ்அப். நான் 11 வருஷம் ஒரு காலேஜ்ல என்.எஸ்.எஸ். பி.ஓ.வா, அதாவது கேம்ப்புக்குப் பொறுப்பான புரோகிராம் ஆபீசரா இருந்தவன், அதனால இந்த வாரம் சினிமா, ஜோசியம், முடி கொட்டுறது எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு இதுக்கே பதில் சொல்லிடுறேன்.

கேள்வி: சார், நான் செகண்ட் இயர் படிக்கிறேன். எங்க கேம்ப்ல என்னை ஸ்டூடன்ட் லீடரா போட்டாங்க. ஊருணி தூர் வார்ற வேலை. முதல் நாள் எல்லாரும் ஜாலியா வந்தாங்க, மூணாவது நாள் பாத்தா நானும் இன்னும் எட்டு பேரும்தான் வெட்டுறோம், மத்தவன் எல்லாம் மரத்தடியில போனை நோண்டிட்டு உக்காந்திருக்கான். கத்திப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். எனக்கு லீடர் ஆகுற தகுதி இல்லையா? (கல்லூரி மாணவர், சாத்தூர்)

தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. உங்க கேம்ப்ல மொத்தம் எத்தனை மம்பட்டி இருந்துச்சு?

ஏன் கேக்குறேன்னா என் முதல் கேம்ப்லயும் இதே கதைதான். 50 பேரை கூட்டிட்டுப் போனேன், பஞ்சாயத்துல சொல்லி 12 மம்பட்டி, நாலு கடப்பாரை, பத்து சட்டி வாங்கி வச்சிருந்தேன். பெரிய ஏற்பாடு பண்ணிட்டதா நினைப்பு வேற. மூணாவது நாள் பசங்க மரத்தடிக்குப் போயிட்டாங்க, நான் இன்னைக்கு நீ பண்ண மாதிரியே சேவை மனப்பான்மை பத்தி அரை மணி நேரம் லெக்சர் அடிச்சேன், எல்லாரும் தலையை ஆட்டிட்டு மறுபடி போய் உக்காந்துட்டாங்க. அன்னைக்கு சாயங்காலம் எங்களுக்கு கருவாட்டுக் குழம்பு கொண்டு வந்து கொடுத்த அக்கா ஒருத்தங்க, நூறு நாள் வேலைக்குப் போறவங்க, பேச்சு வாக்குல சொன்னாங்க: "சார், பிள்ளைங்க கையில ஒண்ணையும் குடுக்காம வேலை செய்யி வேலை செய்யின்னா எதை வச்சு செய்யும்?"

பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. 12 மம்பட்டி, நாலு கடப்பாரை, பத்து சட்டி, சேத்துப் பாரு, 26 பேருக்குத்தான் கையில ஏதோ இருக்கு. மிச்சம் 24 பேர் வெயில்ல நின்னு அடுத்தவன் வெட்டுறதை வேடிக்கை பாக்கணும். அவன் போனை எடுக்காம என்ன பண்ணுவான், நானா இருந்தாலும் எடுப்பேன்.

அந்த அக்காகிட்டயே போய் உங்க வேலையில எப்படி பிரிப்பீங்கன்னு கேட்டேன். ஒருத்தர் வெட்டணும், ஒருத்தர் சட்டியில அள்ளிப் போடணும், அங்கேருந்து கரை வரைக்கும் ஆளுங்க வரிசையா நின்னு கைமாத்தி விடணும், கரையில ரெண்டு பேர் கொட்டி மிதிக்கணும். ஒரு மம்பட்டியைச் சுத்தி ஏழெட்டு பேருக்கு வேலை இருக்கு. 50 பேரை ஆறு டீமா பிரிச்சோம், ஒரு டீம் சமையல், ஒரு டீம் தண்ணி, மிச்ச நாலும் ஊருணியில. இருபது நிமிஷத்துக்கு ஒரு விசில், விசில் அடிச்சா வெட்டுனவன் வரிசைக்குப் போவான், வரிசையில நின்னவன் மம்பட்டியைப் பிடிப்பான். இதுல நான் எதிர்பாக்காதது என்னன்னா போனை நோண்டிட்டு இருந்தவன்லேயே ஒருத்தன் விசிலை வாங்கி கழுத்துல மாட்டிக்கிட்டான், அதுக்கப்புறம் கேம்ப் முடியிற வரைக்கும் அவன் போனை நான் பாக்கவே இல்ல.

நீயும் உன் எட்டு பேரும் உயிரைக் கொடுத்து வெட்டுறீங்கன்னு புரியுது. ஆனா நீ வெட்ட வெட்ட மத்தவன் ஒதுங்குறான், "அதான் லீடர் பாத்துக்கிறான்ல"ன்னு. நாளைக்கு காலையில நீ மம்பட்டியைத் தொடாத. கரை மேல ஏறி நின்னு யார் கை சும்மா இருக்குன்னு மட்டும் எண்ணு. கை அரிக்கும், முதல் ஒரு மணி நேரம் தாங்க முடியாது, பொறுத்துக்கோ. அப்புறம் கையில கொப்பளம் வந்தவனுக்கு ஒரு பழைய துணியைக் கிழிச்சுச் சுத்திவிடு, அது நூறு லெக்சருக்குச் சமம்.

கேள்வி: இந்த கேம்ப் எல்லாம் முதல்ல யாரு ஆரம்பிச்சது? என்.எஸ்.எஸ். பேட்ஜ்ல ஏன் சக்கரம்? (வாசகர், திருமங்கலம்)

உலகத்துல இந்த மாதிரி வாலண்டியர் கேம்ப்க்கு தொடக்கம்னு பெரும்பாலும் சொல்றது 1920-ஐ. பியர் செரசோல்னு ஒரு சுவிட்சர்லாந்துக்காரர், முதல் உலகப்போர்ல தரைமட்டமான எஸ்னங்கிற பிரெஞ்சு கிராமத்துக்கு, வெர்டன் பக்கத்துல இருக்கு, ஒரு சின்ன கூட்டத்தோட வீடு கட்டிக் கொடுக்கப் போனார். கூட்டத்துல ஜெர்மன்காரங்களும் உண்டு. இடிச்ச நாட்டுக்காரனே வந்து செங்கல் தூக்குறான்னா எப்படி இருந்திருக்கும் பாருங்க. ஊருக்கு அது செரிக்கல, சில மாசத்துலயே கேம்ப் முடிஞ்சு போச்சு. ஆனா மனுஷன் விடல, 1934 பிகார் நிலநடுக்கத்துக்கு அப்புறம் நம்ம நாட்டுக்கே வந்து வீடு கட்டுற வேலை பாத்தார்.

நம்ம என்.எஸ்.எஸ். 1969 செப்டம்பர் 24, காந்தி நூற்றாண்டு வருஷம். அப்போ மத்திய கல்வி அமைச்சரா இருந்த வி.கே.ஆர்.வி. ராவ் தொடங்கி வச்சது, 37 பல்கலைக்கழகம், 40,000 மாணவர்கள். பேட்ஜ்ல இருக்கிறது கோனார்க் சூரியன் கோயில் தேர்ச்சக்கரம், அந்த எட்டு ஆரமும் நாளோட 24 மணி நேரத்தைக் குறிக்குது, அதாவது எந்நேரமும் தயார்னு அர்த்தம். காலையில அஞ்சு மணிக்கு எழுப்பும்போது எந்த வாலண்டியரும் இதை ஒத்துக்கிட்டதில்ல.

கேள்வி: கேம்ப்ல பொண்ணுங்கன்னா சமையல்னு ஒதுக்கிட்டாங்க சார். நான் டீம் லீடர், ஆனா என் டீம்ல இருக்கிற பசங்க நான் சொன்னா சிரிக்கிறாங்க, அதையே இன்னொரு பையன் சொன்னா செய்றாங்க. (கல்லூரி மாணவி, அருப்புக்கோட்டை)

வருஷா வருஷம் இது நடக்குதும்மா, என் கேம்ப்லயும் முதல் ரெண்டு வருஷம் நடந்துச்சு, அது என் தப்பு, நான்தான் லிஸ்ட் போட்டேன்.

மூணாவது வருஷம் ஒரு பொண்ணு, வணிகவியல் படிச்சவ, என்கிட்ட வந்து ஒரு நோட்டை நீட்டுனா. அதுல ஏழு நாளைக்கும் சுழற்சி முறையில அட்டவணை, எல்லா டீமும் ஒரு நாள் சமையல், ஒரு நாள் பாத்திரம், கக்கூஸ் கழுவுறது உட்பட, பேர் ஆண் பெண் பாக்காம அகர வரிசையில. "சார் இதுல கையெழுத்து போட்டு சுவத்துல ஒட்டுங்க, நான் சொன்னா கேக்க மாட்டாங்க, பேப்பர் சொன்னா கேப்பாங்க"ன்னா. ஒட்டுனேன். பசங்க சமையல் அன்னைக்கு ஏழு கிலோ அரிசியை மொத்தமா கொதிக்கிற தண்ணியில கொட்டிட்டு கிண்ட ஆள் இல்லாம கிரிக்கெட் பேசிக்கிட்டு இருந்தாங்க, அடி பிடிச்சு அந்த ஊர் முழுக்க வாசம். அன்னைக்கு அந்த தீஞ்ச சோத்தை எல்லாரும்தான் சாப்பிட்டோம். அவ ஒரு வார்த்தை குத்திக் காட்டல, கரண்டியை வாங்கி அவளே கிண்டவும் போகல, அடுத்த வேளைக்கு அடுப்புப் பக்கத்துல யார் யார் எந்த நேரம் நிக்கணும்னு மட்டும் அதே நோட்டுல எழுதிக் கொடுத்தா. அதுக்கப்புறம் பசங்க எது கேக்கணும்னாலும் "நோட்டு எங்க"ன்னு அவளைத்தான் தேடுனாங்க.

சிரிக்கிறவனைத் திருத்துறது உன் வேலை இல்ல, அதுக்கு அவங்க வீட்டுல ஆள் இருக்காங்க. எது எப்போ யாருங்கிறதை எழுத்துல உன் கையில வச்சுக்கோ. இன்னொண்ணு, கேம்ப்க்கு முந்தி ஊரைப் பாக்கப் போறப்போ நீயும் கண்டிப்பா போ. தங்குற பள்ளிக்கூடத்துல பொண்ணுங்களுக்கு கக்கூஸ் கதவு தாழ்ப்பாள் விழுதா, ராத்திரி லைட் இருக்கா, குளிக்க மறைவு இருக்கா, இதெல்லாம் எந்த ஆம்பளை பி.ஓ. கண்ணுலயும் முதல்ல படாது, என் கண்ணுல படல. ஒரு வருஷம் தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒருத்தி வெளிய நின்னு பிடிச்சுக்கிட்டே ஏழு நாளும் ஓட்டுனாங்கன்னு கேம்ப் முடிஞ்சுதான் எனக்குத் தெரிஞ்சுது. ஒரு தாழ்ப்பாள் என்ன விலை இருக்கும்?

கேள்வி: என் மகன் கேம்ப் கேம்ப்னு அலையுறான், இதனால வேலை கிடைக்குமா? (ஒரு தகப்பனார், மதுரை)

ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் வேலையும் ஒரு ஏழு நாள் கேம்ப்பும் முடிச்சா சர்டிபிகேட் தருவாங்க. அதைப் பாத்ததும் எந்த கம்பெனிக்காரனும் எந்திரிச்சு நின்னு வேலை கொடுத்ததா நான் கேள்விப்படல. ஆனா உங்க பையன் வீட்டுல தன் தட்டைத் தானே கழுவ ஆரம்பிச்சிருக்கானா பாத்துச் சொல்லுங்க.

கேள்வி: நாங்க கமுதி பக்கம் ஒரு ஊர்ல சீமைக்கருவேலம் வெட்டப் போனோம். நல்லதுதானே பண்றோம், ஆனா ஒரு பாட்டி வந்து மண்ணை வாரித் தூத்தாத குறை, கேம்ப்பே மூட் அவுட். இந்த மாதிரி ஆளுங்களை எப்படி சமாளிக்கிறது? (தன்னார்வலர், பரமக்குடி)

சமாளிக்கிறது இருக்கட்டும் தம்பி, பாட்டி என்ன சொல்லித் திட்டுச்சுன்னு எழுதவே இல்லையே நீ. அதைக் கேட்டீங்களா?

ராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கை மூணு மாவட்டத்துலயும் சீமைக்கருவேலத்தை வெட்டி கரிமூட்டம் போட்டு பிழைக்கிற குடும்பம் ஏகப்பட்டது இருக்கு. மானாவாரி பூமி, மழை இல்லாத வருஷம் வேற என்ன வருமானம்? அந்த மரம் தண்ணியை உறிஞ்சுது, கண்மாயை அடைச்சுப் போடுது, அதெல்லாம் சரி. 2017-ல ஹைகோர்ட் மதுரைக் கிளை வெட்டச் சொன்னப்போ காலேஜ் காலேஜா கிளம்பிப் போனோம், நானும் போனேன். ஆனா விறகுக்கும் கரிக்கும் அதையே நம்பி இருக்கிற ஒரு கிழவி வீட்டுப் பின்னாடி போய் 50 பேர் அருவாளோட நின்னா அவங்களுக்கு அது சேவையாவா தெரியும். உங்களுக்கு முள்ளு, அவங்களுக்கு அடுப்பு.

முதல்ல போய் திண்ணையில உக்காந்திருக்கணும். வெட்டுற விறகை யாருக்குக் கொடுக்கப் போறோம்னு ஊர் கூடிப் பேசியிருக்கணும். பாட்டிக்கு ஒரு வண்டி விறகு கிடைக்கும்னா அதுவே கவைக்கம்பை எடுத்துட்டு வந்து எப்படி முள்ளை ஒதுக்கிப் பிடிச்சு வெட்டணும்னு சொல்லிக் கொடுத்திருக்கும். நீங்க ரப்பர் செருப்பு போட்டுட்டுப் போயிருப்பீங்க, முள்ளு அடியில ஏறி குதிகாலுக்கு வந்திருக்கும், இல்லைன்னு சொல்லு பாப்போம். தூரோட எடுக்காம மேலாப்ல வெட்டிட்டு வந்திருந்தா அடுத்த மழைக்கு ரெண்டு மடங்கா தழைச்சு நிக்கும், அதுவும் அந்தப் பாட்டிக்குத் தெரியும்.

இதோட சேத்து ஒண்ணு சொல்லிடுறேன், பல கேம்ப்ல வாயைத் திறக்க மாட்டாங்க. ஊருக்குள்ள போன உடனே ஒரு நாலு பேர் வந்து நம்மளைக் கூட்டிட்டுப் போவாங்க, கோயில், ஸ்கூல், மந்தை எல்லாம் காட்டுவாங்க, வேலையும் அங்கேயே முடிஞ்சிரும். காலனிக்குப் போற பாதையில சாக்கடை தேங்கி நிக்கும், அங்க யாரும் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. என் அஞ்சாவது கேம்ப்ல ஒரு முதல் வருஷப் பையன் மூணாவது நாள் ராத்திரி கேட்டான், "சார், நாம சர்வே எடுத்த வீடெல்லாம் ஒரே பக்கமா இருக்கே, அந்தப் பக்கம் ஊர் இல்லையா?" அவன் லீடர் கிடையாது, எந்த டீம்லயும் சத்தமா பேசி நான் கேட்டதில்ல. மறுநாள் பாதி டீமை அங்க அனுப்புனோம், ரெண்டு பெரிய மனுஷங்க வந்து முறைச்சாங்க, பிரசிடெண்ட் அம்மா நல்லவங்க, அவங்க வந்து நின்னதால ஒண்ணும் ஆகல. போனதும் அங்க தெருக்குழாய்ல தண்ணி வந்து பல நாள் ஆச்சுன்னு தெரிஞ்சுது. நாங்க மூணு நாளா பூசி வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்தது மந்தைச் சுவரு.

கேள்வி: ஒரு அரசியல்வாதி கேம்ப்க்கு ஒரு நாள் பிரியாணி போடுறேன்ங்கிறார், பேனர் வைக்கணுமாம். ஒத்துக்கலாமா? (மாணவர் தலைவர், தேனி)

வேண்டாம். பிரியாணி ஒரு வேளை, பேனர்ல உன் மூஞ்சி ஆறு மாசம். யார் பணம் கொடுத்தாலும், அது பத்து ரூபா வாழைப்பழமா இருந்தாலும், வரவு செலவை தினமும் ராத்திரி ஒரு சார்ட்ல எழுதி தங்குற இடத்துச் சுவத்துல ஒட்டு. எங்க கேம்ப்ல ஒரு தடவை 340 ரூபா கணக்கு இடிச்சுது, காலையில பால் வாங்கப் போன பையன்தான் எடுத்துட்டான்னு ஒரே கிசுகிசு. சுவத்துல இருந்த கணக்கைப் பாத்து சத்துணவு ஆயா வந்து "தேங்காய்க்கு நான் கொடுத்தேன்ல, அதை எழுதலையே"ன்னாங்க. கணக்கு என் பாக்கெட்டுலயே மடிச்சு இருந்திருந்தா அந்தப் பையன் திருடன்னு பேரோட வீட்டுக்குப் போயிருப்பான்.

கேள்வி: 200 மரக்கன்று நட்டோம், போட்டோ எல்லாம் பேப்பர்ல வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சுப் போனா 11 தான் இருக்கு, மனசே விட்டுப் போச்சு. (முன்னாள் மாணவி, தென்காசி)

11 இருக்கேம்மா, எனக்கெல்லாம் ஒரு வருஷம் முட்டை.

எப்போ நட்டீங்க? பிப்ரவரி, மார்ச்தானே? நம்ம காலேஜ் கேம்ப் பெரும்பாலும் அப்போதான் வருது, பரீட்சைக்கு முந்தி முடிக்கணும்னு. அதாவது கோடை தொடங்குறப்போ நட்டுட்டு வீட்டுக்கு வந்துர்றோம், ஏப்ரல் மே ரெண்டு மாசமும் அது தானா பிழைச்சுக்கணும். போதாததுக்கு பிளாஸ்டிக் கவரைக் கிழிக்காமலே குழிக்குள்ள இறக்குற கொடுமை, நான் ஒரு தடவை செத்த கன்னைப் பிடுங்கிப் பாத்தப்போ நர்சரி கவரு பத்திரமா இருந்துச்சு, வேர் உள்ளேயே சுருண்டு வட்டம் போட்டிருந்துச்சு. வி.ஐ.பி. ஒருத்தர் கையால நட்ட கன்னு அது, கவரைக் கிழிக்க விடாம போட்டோவுக்கு அவசரப்படுத்துனாங்க.

அதுக்கப்புறம் நாங்க கோடையில மரம் நடுறதையே விட்டுட்டோம். புரட்டாசியில பனங்கொட்டை பொறுக்கி, மழைக்கு முந்தி கண்மாய்க் கரையில ஊன்றது, தண்ணி ஊத்த வேணாம், வேலி வேணாம். அதுலயும் ஒரு வருஷம் தை மாசம் அந்த ஊர் பொடிசுங்க தோண்டி கிழங்கை அவிச்சுத் தின்னுட்டாங்க! கோவப்பட்டு என்ன பண்ண, பனங்கிழங்குன்னா யாருக்குத்தான் ஆசை இருக்காது. அடுத்த வருஷம் அதே பொடிசுங்களைக் கூப்பிட்டு கொட்டையை அவங்க கையிலயே கொடுத்து ஊனச் சொன்னோம், இதுல எது யாரோடதுன்னு அவங்களே கல்லு வச்சு அடையாளம் போட்டுக்கிட்டாங்க, அதுக்கு மேல அந்தக் கரையில எவனும் தோண்ட முடியல, ஒருத்தனுக்கு ஒருத்தன் காவல்.

அந்த 11-க்கும் பக்கத்துல எந்த வீடு இருக்கு, யாரு தண்ணி ஊத்துனாங்கன்னு போய் விசாரி. சும்மா பிழைச்சிருக்காது, யாரோ ஊத்தியிருக்காங்க.

கேள்வி: எங்க தெரு பசங்க சேந்து வெள்ளம் வந்தா நிவாரணம் கொண்டு போகலாம்னு இருக்கோம். என்ன பொருள் சேக்கணும்? (இளைஞர் மன்றத்தினர், சிதம்பரம்)

பழைய துணி மட்டும் சேக்காதீங்க, புண்ணியமாப் போகும். 2004 சுனாமி அப்போ நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரத்துல மலை மாதிரி பழைய துணி குமிஞ்சு கிடந்துச்சு, யாரும் தொடல, 2015 வெள்ளத்துலயும் இதே கூத்துதான். எல்லாத்தையும் இழந்து நிக்கிறவனுக்கும் கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல. வண்டி எடுக்குறதுக்கு முந்தி அந்த ஊர்ல ஒரே ஒரு ஆளுக்கு போன் போட்டுக் கேளுங்க, பெரும்பாலும் பாய், கொசுவத்தி, நாப்கின், உள்ளாடை, குழந்தைக்குப் பால் பவுடர்னுதான் சொல்வாங்க. போன் பேச ஒருத்தர், லிஸ்ட் எழுத ஒருத்தர், வண்டியில கடைசியா ஏறுறவர் ஒருத்தர், இந்த மூணு பேரை முதல்ல முடிவு பண்ணுங்க, தலைவர் யாருன்னு பொறுமையா பேசிக்கலாம்.

கேள்வி: எல்லாருக்கும் புத்தி சொல்றீங்களே, நீங்க லீடரா இருந்து சொதப்புனது உண்டா? (பெயர் வேண்டாம், ராஜபாளையம்)

மேல சொன்னதுல பாதி சொதப்பல்தானேய்யா. சரி, பெரிசா ஒண்ணு கேக்குறீங்க.

ஒரு கேம்ப்ல தெருத் தண்ணி ஊருணிக்குப் போற மாதிரி வாய்க்கால் வெட்டுற வேலை. ஆறாவது நாள், மறுநாள் நிறைவு விழா, காலேஜ்லேருந்து பெரியவங்க வர்றாங்க. ஒரு டீம் மட்டும் ஆமை மாதிரி வெட்டிக்கிட்டு இருக்கு, ரெண்டடி வெட்டுவாங்க, நிப்பாங்க, ஒரு நீள பிளாஸ்டிக் ட்யூபைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ பாப்பாங்க, மறுபடி வெட்டுவாங்க. பக்கத்துல அந்த ஊர் கொத்தனார் ஒருத்தர் பீடி குடிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறார். எனக்குப் பொறுக்கல, "தள்ளுங்கடா"ன்னு மம்பட்டியைப் பிடுங்கி, இன்னும் நாலு முரட்டுப் பசங்களைச் சேத்துக்கிட்டு ஒரு மணி நேரத்துல மிச்சம் இருந்ததை நானே வெட்டி முடிச்சேன். வேட்டியெல்லாம் சேறு, எல்லாரும் கை தட்டுனாங்க. அந்த டீம் பசங்க மட்டும் தட்டல.

சாயங்காலம் சும்மா ஒரு குடம் தண்ணி ஊத்திப் பாத்தோம். தண்ணி ஊருணிப் பக்கம் போகாம நேரா திரும்பி பள்ளிக்கூட வாசலுக்கு வந்துச்சு. அந்த ட்யூப்ல தண்ணியை நிறைச்சு மட்டம் பாத்து, எங்க எவ்வளவு ஆழம்னு குச்சி நட்டு வச்சிருந்தாங்க பசங்க, கொத்தனார் சொல்லிக் கொடுத்திருக்கார். அந்தக் குச்சியெல்லாம் இடைஞ்சலா இருக்குன்னு நான்தான் பிடுங்கி எறிஞ்சிருக்கேன்.

மறுநாள் விடியறதுக்கு முந்தி மம்பட்டி சத்தம் கேட்டு எந்திரிச்சுப் போனேன். அந்த டீம் டார்ச் லைட் வெளிச்சத்துல நான் வெட்டுனதை மூடிக்கிட்டு இருக்கு, கொத்தனார் குச்சி நட்டுக்கிட்டு இருக்கார். நானும் வர்றேன்டான்னு கையை நீட்டுனேன். "நீங்க டார்ச்சை மட்டும் பிடிங்க சார்"னான் ஒருத்தன்.